சளிக்குத் தரும் ஆரஞ்சு மாத்திரை

ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்து மெடிக்கல் ஷாப்புகளில் சாயங்காலம் கூட்டம் கூடிவிடும். முத்தாபுதுப்பேட்டை போன்ற இடங்களில் தும்மல், மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு என்றால் பலரும் டாக்டரைத் தேடாமல் நேராகக் கடைக்குத்தான் போகிறார்கள். "ஜலதோஷம், ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்றால் போதும். கடைக்காரர் அட்டைகளைக் கத்தரியால் துண்டு போட்டு, ஒரு பாராசிட்டமால், ஒரு செட்ரிசின், சில கடைகளில் ஓர் ஆன்டிபயாடிக்கும் சேர்த்து, சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். அந்த 'செட்'டில் பெரும்பாலும் ஓர் ஆரஞ்சு நிற மாத்திரையும் இருக்கும். லிம்சி, செலின் என்ற பெயர்களில் நமக்குப் பழகிப்போன வைட்டமின் சி அது. புளிப்பும் இனிப்புமாக வாயில் கரையும், குழந்தைகள் அடம்பிடிக்காமல் வாங்கிக்கொள்ளும், விலையும் குறைவு. சளிக்கு இது நல்லது என்பதில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சந்தேகமே இல்லை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, எந்த அளவுக்கு உண்மை, அதற்குள் நமக்கே உரிய இன்னொரு பிரச்சினை எப்படி மறைந்துகிடக்கிறது என்பதை ஆதாரங்களோடு பார்க்க வேண்டியிருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சளி பிடித்த பிறகு வாங்கும் வைட்டமின் சி மாத்திரையால் நம்பத்தக்க பயன் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. வைட்டமின் சி உண்மையில் தேவைப்படுகிறவர்கள் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்தக் கடை வாசலில் நிற்பதில்லை.

வைட்டமின் சி மனித உடலுக்கு இன்றியமையாதது என்பதில் சர்ச்சை ஏதும் இல்லை. ஆடும் மாடும் நாயும் தமக்கு வேண்டியதைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. அதைத் தயாரிக்கும் நொதியின் மரபணு மனிதரிடம் பழுதாகிவிட்டது. அதனால் நாம் சாப்பாட்டிலிருந்துதான் பெற்றாக வேண்டும். கிடைக்காமல் போனால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பழைய புண் ஆறாது, மூட்டு வலிக்கும், கடைசியில் உயிரே போகும். கப்பல் மாலுமிகளை நூற்றாண்டுக் கணக்கில் கொன்ற ஸ்கர்வி நோய் இதுதான். 1747இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், சாலிஸ்பரி என்ற கப்பலில் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான சிகிச்சை தந்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் மளமளவென்று தேறினார்கள். ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்குக் காரணமான ஆய்வுகளுக்காக அவருக்கு 1937இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் ஆலையில் மலிவாகத் தயாரிக்கும் முறையும் வந்துவிட்டது. இதுவரை கதையில் சளிக்கு இடமே இல்லை.

சளியைக் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர் லைனஸ் பாலிங். 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் பரிசு பெற்றவர், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வேதியியல் அறிஞர்களில் ஒருவர். 1970இல் அவர் வெளியிட்ட 'வைட்டமின் சியும் சாதாரண சளியும்' என்ற நூல் அமெரிக்காவில் பரபரப்பாக விற்றது. தினமும் கிராம் கணக்கில் வைட்டமின் சி சாப்பிட்டால் சளியை விரட்டிவிடலாம் என்றார். அன்றைய பரிந்துரை மில்லிகிராம் கணக்கில் இருந்தது, இவர் சொன்னது அதைப்போல் பல மடங்கு. அவர் பெரிதும் சாய்ந்து நின்ற ஆதாரங்களில் ஒன்று 1961இல் வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு. ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு முகாமுக்கு வந்த 279 பேரில் ஒரு பாதிக்குத் தினம் ஒரு கிராம் வைட்டமின் சி, மறு பாதிக்கு அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரை. வைட்டமின் சி எடுத்தவர்களிடம் சளி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஆய்வு ஒழுங்காகவே செய்யப்பட்டது, முடிவிலும் பிழையில்லை. உறைபனியில் நாள் முழுக்கச் சறுக்கி ஓடியவர்களிடம் கண்டதை, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் அடுப்படியில் நிற்பவருக்கும் அப்படியே பொருத்தியதில்தான் பாலிங் சறுக்கினார். அந்தப் பிழையின் நீட்சிதான் இன்று நம் ஊர்க் கவரில் இருக்கும் ஆரஞ்சு மாத்திரை.

பாலிங்குக்கு முன்பே எதிர்ச்சான்று இருந்தது. பிரிட்டனில் சளியை ஆராய்வதற்கென்றே இயங்கிய மையத்தில், தன்னார்வலர்களுக்கு வைட்டமின் சி கொடுத்துவிட்டு மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார்கள். 1967இல் வெளியான அந்த முடிவில் மாத்திரை எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒரே மாதிரிதான் தும்மினார்கள். பாலிங் நூலுக்குப் பிறகு ஆய்வுகள் பெருகின. கனடாவின் டொரான்டோவில் டெரன்ஸ் ஆன்டர்சன் குழு 818 பேரிடம் செய்த ஆய்வு 1972இல் வந்தது. சளி பிடித்தவர் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் வீட்டோடு முடங்கிய நாட்கள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. பாலிங்கை நம்பாமல் தொடங்கியவர்கள் தம் முடிவைப் பார்த்துத் தாமே வியந்தார்கள். இன்னும் பெரிய அளவில் அவர்களே மறுபடி செய்து 1974இல் வெளியிட்டபோது, முன்பு கண்ட அளவுக்குப் பயன் தென்படவில்லை.

அடுத்த ஆண்டு வந்த அமெரிக்க ஆய்வு இந்த விஷயத்தில் மிகவும் படிப்பினை தருவது. தேசிய சுகாதார நிறுவனத்தின் ஊழியர்கள் 311 பேர் சேர்ந்தார்கள். இடையில் பலர் விலக, 190 பேர் கடைசிவரை இருந்தார்கள். வெற்று மாத்திரையில் இருந்தது லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. வைட்டமின் சி புளிக்கும், லாக்டோஸ் இனிக்கும். மருத்துவத் துறையிலேயே வேலை பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? உறையைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். தமக்கு வைட்டமின் சி கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டவர்களுக்குச் சளி சீக்கிரம் குறைந்தது, எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாதவர்களிடம் வித்தியாசம் இல்லை. ஆகவே பயன் என்று தோன்றியது நம்பிக்கையின் வேலை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஃபின்லாந்தின் ஹாரி ஹெமிலா பின்னாளில் இந்த விளக்கத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். பாதியில் போனவர்களையும் யூகித்தவர்களையும் பிரித்துக் கணக்கிட்ட முறை சரியில்லை, எல்லாவற்றையும் நம்பிக்கையின் தலையில் கட்ட முடியாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வைட்டமின் சி சளியை ஒன்றுமே செய்யாது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதும் அதன் பங்குக்கு அவசரம்தான்.

அதே ஹெமிலாவும் ஆஸ்திரேலியாவின் எலிசபெத் சாக்கரும் காக்ரேன் அமைப்புக்காக எல்லா ஆய்வுகளையும் தொகுத்து 2013இல் தந்த மதிப்பீடுதான் இன்றுவரை அடிப்படை. 29 ஒப்பீடுகள், 11,306 பேர். தினமும் வைட்டமின் சி எடுத்துவந்தாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிக்கும் எண்ணிக்கை குறைவதில்லை. பிடித்த சளியின் காலம் மட்டும் பெரியவர்களுக்கு 8 சதவீதம், குழந்தைகளுக்கு 14 சதவீதம் குறைகிறது. சளி ஆரம்பித்த பிறகு எடுத்தால் என்ன என்று பார்த்த ஆய்வுகளில், காலமோ கடுமையோ சீராகக் குறைந்ததாகத் தெரியவில்லை. 2023இல் இவர்கள் இருவரும் வெளியிட்ட இன்னொரு தொகுப்பு, தினம் ஒரு கிராமுக்குக் குறையாமல் எடுத்துவந்தவர்களிடம் சளியின் கடுமை சுமார் 15 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. வைட்டமின் சியை வேறு எவரையும்விடப் பரிவோடு அணுகியவர் ஹெமிலா. அவர் கணக்கிலேயே பயன் இவ்வளவுதான், அதுவும் சளி வருவதற்கு முன்பிருந்தே நாள் தவறாமல் எடுத்தவர்களுக்கு.

இந்தச் சதவீதத்தை வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். பெரியவருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சளி பிடிக்கும், ஒவ்வொன்றும் ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும். அதில் 8 சதவீதம் என்றால் ஒரு சளிக்கு அரை நாளோ முக்கால் நாளோ. வருஷம் முழுக்க 365 நாளும் மாத்திரை விழுங்கி மிச்சம் பிடிப்பது ஒன்றிரண்டு நாள் மூக்கொழுகல். இதற்காகவும் எடுப்பேன் என்று ஒருவர் தெரிந்தே முடிவு செய்தால் அது அவர் விருப்பம். குழந்தைகள் விஷயம் சற்றுச் சிக்கலானது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறேழு தடவை சளி பிடிப்பது சகஜம். 14 சதவீதம் என்பது வருஷத்தில் ஒரு வாரம் அளவுக்கு வரலாம், தாய்மாருக்கு அது சிறிய ஆறுதல் அல்ல. ஆனால் குழந்தைகளிடம் தெளிவான பயன் தெரிந்தது தினம் ஒன்று முதல் இரண்டு கிராம் கொடுத்த ஆய்வுகளில்தான். அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த உச்ச வரம்பு ஒன்று முதல் மூன்று வயதுக்கு 400 மில்லிகிராம், நான்கு முதல் எட்டு வயதுக்கு 650 மில்லிகிராம். சளியைச் சுருக்கிய அளவு, சின்னப் பிள்ளைக்கு ஆகாத அளவாக இருக்கிறது. மாதக் கணக்கில் ஒரு பிள்ளைக்கு அதைக் கொடு என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் மனம் துணியாது.

மாத்திரையின் அளவுக்கும் உடலின் கொள்ளளவுக்கும் உள்ள பொருத்தமின்மை பெரியவர்களுக்கும் உண்டு. 1996இல் மார்க் லெவின் குழு, ஆரோக்கியமான இளைஞர்கள் ஏழு பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, வைட்டமின் சி இல்லாத உணவில் தொடங்கிப் படிப்படியாக அளவைக் கூட்டி ரத்தத்தையும் சிறுநீரையும் அளந்தது. ஒரே வேளையில் 200 மில்லிகிராம் வரை உடல் முழுதாக ஏற்றது. 500ஐத் தாண்டியதும் குடல் உறிஞ்சுவது குறைந்தது, உறிஞ்சியதும் சிறுநீரில் போய்விட்டது. வெள்ளை அணுக்கள் தினம் 100 மில்லிகிராமிலேயே நிறைந்துவிட்டன. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதும். நம் கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல் ஆறேழு மடங்கு.

இங்கே எழும் மறுப்புகளில் முதலாவது அனுபவம் சார்ந்தது: "நான் சாப்பிட்டேன், மூணாம் நாள் சரியாப்போச்சு." சளியின் இயல்பே அது. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். மாத்திரை வாங்கக் கால் நடப்பதும் அந்த உச்சத்தில்தான். எதைச் சாப்பிட்டாலும் அடுத்த நாள் சுமாராக இருக்கும், நன்றி மாத்திரைக்குப் போகும். இதைப் பிரித்தறியத்தான் வெற்று மாத்திரையோடு ஒப்பிடும் ஆய்வுகளே தேவைப்பட்டன. இரண்டாவது மறுப்பு உடலியலிலிருந்து வருகிறது. சளி பிடித்தால் வெள்ளை அணுக்களில் வைட்டமின் சி சட்டென்று சரிவதை 1973இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். குறைவதைக் கொடுத்து ஈடு செய்வது நியாயம்தானே என்று கேட்கலாம். கேள்வி சரியானது. ஆனால் நோயின்போது ஒரு பொருள் ரத்தத்தில் குறைவதும், அதை ஊற்றினால் நோய் குறைவதும் வேறு வேறு. இரண்டாவதைத் தனியாகச் சோதிக்க வேண்டும், சோதித்தபோது சீரான பலன் கிடைக்கவில்லை.

கொரோனா காலத்தில் இந்தத் தர்க்கம்தான் பெரிய அளவில் செயல்பட்டது. 2020இல் கடைகளில் வைட்டமின் சி மாத்திரை தீர்ந்து, கிடைத்த அட்டையைப் பலர் பதுக்கி வைத்தார்கள். வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்கான மாத்திரைகளில் துத்தநாகத்தோடு இதுவும் இருந்தது. அப்போது அவசரம், கையில் வேறு வழி இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் சோதித்தார்களா என்றால், சோதித்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் வீட்டிலிருந்த 214 கொரோனா நோயாளிகளில் சிலருக்குத் தினம் 8 கிராம் வைட்டமின் சி, சிலருக்குத் துத்தநாகம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் என்று பிரித்துப் பார்த்தது. தொடர்ந்தாலும் பயன் தெரியப்போவதில்லை என்று கண்டு ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, 2021இல் முடிவை வெளியிட்டது. அந்தச் செய்தி நம் கடைகளுக்கு வந்து சேரவில்லை. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

மூன்றாவது மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வருவது. எனக்கு இதுதான் யோசிக்கவைக்கிறது. சளிக்கு மருந்து வேண்டாம் என்று சொன்னால் நோயாளி வேறு கிளினிக்குக்குப் போய் ஆன்டிபயாடிக் வாங்கிவிடுவார், ஒரு வைட்டமின் சி எழுதினால் திருப்தியோடு வீட்டுக்குப் போவார், அதுவும் ஒரு காப்பு என்கிறார்கள். வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் தருவதன் கேட்டை நினைத்தால் இந்த வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது. ஆனாலும் ஏற்க முடியவில்லை. கடைக் கவரில் ஆரஞ்சு மாத்திரை ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக இருப்பதில்லை, அதன் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு சளிக்கும் கையில் மாத்திரை வைத்தால், சளி என்றால் மாத்திரை என்பது ஊறிப்போகும். அந்தப் பழக்கம் இருமல் சிரப்பு வரை நீளும். 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று அட்டையில் அச்சிட உத்தரவிட்டது. 2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் இருந்தது சாதாரண சளியும் காய்ச்சலும்தான். "இது வைரஸ் சளி, ஒரு வாரத்தில் போகும், மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ வாருங்கள்" என்று உட்காரவைத்துச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தின் இடத்தில்தான் மாத்திரை வந்து உட்கார்ந்திருக்கிறது.

எடுத்தால் கெடுதல் இல்லையே என்பது நான்காவது. இரண்டு மூன்று நாள் எடுத்தால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை, அதிகம் போனால் வயிறு கலங்கும். நாள்தோறும் மாதக் கணக்கில் என்றால் கதை வேறு. ஸ்வீடனில் 23,355 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வருவது ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. உடலில் மிஞ்சும் வைட்டமின் சியின் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறுகிறது, கல் பெரும்பாலும் ஆக்சலேட்டால் ஆனது. நாள் முழுக்க வியர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்க வழியில்லாமல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இது ஸ்வீடன்காரரைவிட முக்கியமான எச்சரிக்கை.

காக்ரேன் தொகுப்பில் ஒரு விதிவிலக்கு உண்டு. மராத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், துருவத்தை ஒட்டிய குளிரில் பயிற்சி எடுத்த ராணுவ வீரர்கள் என 598 பேர் அடங்கிய ஐந்து ஆய்வுகளில் சளி பிடிப்பது சரிபாதியாகக் குறைந்தது. பாலிங் நம்பிய சுவிஸ் முகாமும் இதில் அடக்கம். விமானப்படை நிலையம் இருக்கும் முத்தாபுதுப்பேட்டையிலும், கனரக வாகனத் தொழிற்சாலையும் படைப்பிரிவுகளும் சூழ்ந்த ஆவடியிலும் இந்தச் செய்திக்குக் காது கொடுப்பவர்கள் இருப்பார்கள். விடியற்காலையில் ஆள்சேர்ப்புக்கு ஓடிப் பழகும் இளைஞர்களுக்கு அது பொருந்துமா? அந்த ஐந்தில் அடங்கிய தென்னாப்பிரிக்க மராத்தான் ஆய்வில் இருந்தவர்கள் ஓடியது ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அக்னிவீர் தேர்வின் ஓட்டம் 1.6 கிலோமீட்டர். உடலை அதன் எல்லைவரை வருத்தும் கடுமை இரண்டிலும் ஒன்றல்ல. இமயத்தின் உறைபனிக் காவலுக்குப் போகும் வீரருக்கு வைட்டமின் சி தருவது ஆதாரத்தோடு ஒத்த செயல். ஆவடி மைதானத்தைச் சுற்றி வரும் பையனுக்கு அந்தக் காசில் ஒரு முட்டையும் ஒரு கொய்யாவும் வாங்கித் தருவது மேல்.

ஆகக் கனமான மறுப்பு இனிதான். மேற்சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், நன்றாகச் சாப்பிடுகிறவர்களிடம் நடந்தவை. ஏற்கெனவே நிறைந்த உடலுக்குக் கொடுத்துவிட்டுப் பயனில்லை என்றால், குறைந்த உடலுக்கும் அப்படியே ஆகுமா? கேட்க வேண்டிய கேள்வி இது. பிரிட்டனில், உணவில் வைட்டமின் சி குறைவாக இருந்த காலத்து ஆண்களிடம் நடந்த நான்கு ஆய்வுகளை ஹெமிலா 1997இல் தனியே பிரித்துக் கூட்டியபோது, சளி பிடிப்பது சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. அவற்றில் ஒன்றில் கொடுத்த அளவு நாளுக்கு வெறும் 80 மில்லிகிராம். இது இறுதிச் சான்று ஆகாது, ஆனால் திசை காட்டுகிறது.

நம் ஊரில் உடல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. கண்புரை பற்றிய பெரிய ஆய்வு ஒன்றின் பகுதியாக, வடக்கே டெல்லியை ஒட்டிய பகுதியிலும் தெற்கே புதுச்சேரியை மையமாகக் கொண்டும் 60 வயதைத் தாண்டிய 5,638 பேரின் ரத்தத்தில் வைட்டமின் சியை அளந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையும் இதில் பங்கேற்றது. 2011இல் வெளியான அந்த முடிவைப் படிக்கும்போது மனம் திடுக்கிடும். வடக்கில் நூறு முதியவரில் 74 பேருக்கும் தெற்கில் 46 பேருக்கும் வைட்டமின் சி பற்றாக்குறை. போதிய அளவு இருந்தவர்கள் வடக்கில் 11, தெற்கில் 26 பேர் மட்டுமே. ஆண்கள், வயது மிகுந்தவர்கள், மெலிந்தவர்கள், புகையிலை பயன்படுத்துகிறவர்கள், விறகும் வறட்டியும் எரித்துச் சமைக்கும் வீட்டார் ஆகியோரிடம் குறைபாடு கூடுதல். கொய்யாவும் நெல்லியும் முருங்கையும் விளையும் மண்ணில், கிட்டத்தட்டப் பாதி முதியவர்கள் மாலுமிகளின் நோய்க்குப் பக்கத்தில் வாழ்கிறார்கள்.

இந்தப் பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டி, அப்படியானால் எல்லாருக்கும் சளிக்கு மாத்திரை கொடுக்கலாமே என்பது தலைகீழான முடிவு. குறைபாடு ஆண்டு முழுவதும் இருப்பது. அதைச் சளி பிடித்த மூன்று நாளில் மூன்று மாத்திரை போக்காது. அதைப் போக்கினால் கிடைக்கும் நன்மையும் சளியில் அடங்கிவிடுவதில்லை: ஈறு, தோல், புண் ஆறுவது, எல்லாவற்றுக்கும் மேலாக இரும்புச் சத்து. சோற்றையும் பருப்பையும் நம்பிய சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடல் சரியாக உறிஞ்ச, அதே வேளையில் வைட்டமின் சி வேண்டும். ரத்தசோகை மிகுந்த நம் பெண்களுக்கு இது சளியைவிட ஆயிரம் பங்கு முக்கியம். மாத்திரை யார் கைக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். கடையில் நின்று வாங்குபவர் மாதச் சம்பளக்காரர், அல்லது பிள்ளைக்காக வந்த தாய். ஓரளவு காயும் பழமும் சாப்பிடுகிற வீடு அது. பல்லில்லாமல், காரம் ஆகாமல், மகன் வீட்டில் ரசம் சோறும் இட்லியுமாகக் காலம் தள்ளும் எழுபது வயதுப் பெரியவர் ஜலதோஷத்துக்குக் கடைக்குப் போவதில்லை. வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

வழி உணவில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமும் இல்லை. இந்திய உணவுகளின் சத்தை அளக்கும் வேலை வேரூன்றியதே நம் குன்னூரில்தான். பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்த ஆய்வுக்கூடம் அங்கேதான் இருந்தது. அதை நீண்ட காலம் நடத்திய சி. கோபாலன் சேலத்துக்காரர். அவர் பெயரால் அறியப்படும் உணவுப் பட்டியலைப் புரட்டினால், நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. ஆரஞ்சில் அதில் சிறு பங்குதான். மாத்திரைக்கு ஆரஞ்சு நிறமும் மணமும் கொடுத்தவர்கள் கொய்யாவைக் கொடுத்திருந்தால் இன்னும் நேர்மையாக இருந்திருக்கும். பெருநெல்லி கொய்யாவுக்கும் மேலே. முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் நூறு கிராமுக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டும், சமைக்கும் முன். 'சமைக்கும் முன்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை நறுக்கிவிட்டுக் கழுவினால் கழுவிய நீரோடு போகும், நிறைய நீர் வைத்து வேகவிட்டு வடித்தால் வடித்ததோடு போகும். அலசிவிட்டு நறுக்கி, கொஞ்சம் நீரில் சீக்கிரம் வதக்கி இறக்கினால் ஒரு பகுதியாவது தங்கும். எலுமிச்சை ரசத்தை இறக்கிய பிறகு சாறு பிழிவது நம் பெண்களின் வழக்கம், கசந்துவிடும் என்பதற்காக. அதே கைப்பக்குவம் சத்தையும் காக்கிறது.

ஆவடி மார்க்கெட்டிலும் பட்டாபிராம் ரயில் நிலைய வாசலிலும் உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் கொய்யா விற்கிறார்கள். அரைப் பழம் ஒருவரின் ஒரு நாள் தேவையைத் தீர்த்துவிடும். பல்லில்லாத முதியவருக்கு நன்றாகக் கனிந்த பழத்தை விதை நீக்கி மசித்துத் தரலாம், நெல்லிக்காயை அரைத்து மோரில் கலந்து தரலாம். வீட்டிலேயே முடங்கியவருக்கும் பழத்துக்கு வழியில்லாதவருக்கும் மாத்திரைதான் என்றால் அதுவும் சரியே. அப்போது 100 மில்லிகிராம் போதும், அதற்குச் சளி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு பெண் பணியாளர்கள் வீடு வீடாக வருகிறார்கள். புதுச்சேரி ஆய்வு அடையாளம் காட்டிய அதே முதியவர்களின் திண்ணையில்தான் அவர்கள் உட்காருகிறார்கள். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா, காலில் காரணமில்லாமல் கன்றிப்போகிறதா, கடைசியாகப் பழம் சாப்பிட்டது எப்போது, வெற்றிலை புகையிலை உண்டா என்று அந்தப் பதிவேட்டில் நான்கு கேள்விகளைச் சேர்க்கச் சுகாதாரத் துறைக்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ வேண்டியதில்லை. அடுத்த ஐப்பசிக்குள் செய்துவிடக்கூடிய வேலை அது.